வெறுங்கையோடு திரும்பியவரை எண்ணுங்கள்: சேலம் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் நூலகக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், செயலர்களுக்கும், நூலகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேலத்துக் கல்லூரி நூலகங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வு பெற்று, இப்போது அஸ்தம்பட்டியில் வசித்துவரும் ஒரு நூலகர் இம்மடலை எழுதுகிறேன். எனக்குத் தனிப்பட்ட மனக்குறை எதுவும் இல்லை. கோரிக்கை ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் நூலகத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல்கள் இரவல் போயின என்பதை நாள்தோறும் எண்ணுகிறீர்கள். அவற்றோடு, கேட்டது கிடைக்காமல் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதையும் எண்ணத் தொடங்குங்கள். இந்த எண் கையில் இல்லாமல் மற்ற எண்களை எவ்வளவு சேர்த்து வைத்தாலும் நூலகச் சேவையின் தரத்தை அறியவோ திருத்தவோ இயலாது என்பதை என் பணிக்காலம் எனக்குக் காட்டியது.

இப்போது நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூலக வாயிலில் ஒரு நுழைவுப் பதிவேடு இருக்கும். சில கல்லூரிகளில் அதற்குப் பதிலாக அடையாள அட்டையின் பார்கோடைப் படிக்கும் கருவி வந்துவிட்டது. வருகிறவர் பெயர், பதிவு எண், துறை, வந்த நேரம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுகிறார். மாலையில் கூட்டல், மாத முடிவில் தொகுப்பு, ஆண்டு முடிவில் சராசரி என்று அது கோப்பில் ஏறுகிறது. அதன் பக்கத்தில் நூல் சேர்க்கைப் பதிவேட்டின் கடைசி எண்ணும், அவ்வாண்டு வாங்கிய நூல்களின் தொகையும், மின்வளங்களுக்குக் கட்டிய சந்தாவும் சேர்கின்றன. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் தேசியக் குழுவான நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக் கையேட்டில் நான்காம் அளவுகோலின் 4.2 என்ற பகுதி நூலகத்துக்கு உரியது. தானியங்கு மென்பொருள் உண்டா, மின்னிதழ்த் தொகுப்புகளில் உறுப்பினரா, நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஆண்டுச் சராசரியாக எவ்வளவு செலவிட்டீர்கள், நாளொன்றுக்கு எத்தனை ஆசிரியரும் மாணவரும் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பவையே அண்மை ஆண்டுகளில் கல்லூரிகள் அதன்கீழ் நிரப்பித் தந்த விவரங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்வி நிறுவனத் தரவரிசைக்கும் நூலகச் செலவுக் கணக்கைக் கொடுக்கிறோம்.

இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. நாக் கேட்டிருக்காவிட்டால் பல கல்லூரிகள் இன்றும் அட்டைப் பட்டியலோடுதான் இருந்திருக்கும். கோஹா, சோல் போன்ற நூலகத் தானியங்கு மென்பொருள் எதுவும் வந்திருக்காது. ஆனால் இந்த எண்கள் அனைத்தும் நூலகத்திடம் என்ன இருக்கிறது என்பதையும், வாசலைக் கடந்தவர் எத்தனை பேர் என்பதையும் மட்டுமே சொல்கின்றன. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும் வியாபாரி தராசில் எடையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. வெள்ளியின் டச், அதாவது தூய்மை, எவ்வளவு என்று கேட்டு, சோதித்த பிறகே விலை பேசுகிறார். கல்லூரி நூலகத்தில் நாம் எடையை மட்டும் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுவதும் அளப்பதும் வேறு என்பதைப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நூலகப் புள்ளிவிவரங்களை எப்படித் திரட்டுவது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 2789 என்று ஒரு தரநிலை. நூலகத்தின் செயல்திறனை எந்தக் குறியீடுகளால் அளப்பது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 11620 என்று தனியாக இன்னொன்று. இரண்டாவது தரநிலை 1998-இல் முதன்முதலாக வெளிவந்து, பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. வாசகர் தேடிய தலைப்பு கைக்குக் கிடைத்ததா, நூல் அதற்குரிய இடத்தில் அடுக்கப்பட்டிருக்கிறதா, கேட்ட கேள்விக்குச் சரியான விடை கொடுக்கப்பட்டதா, இருப்பில் எத்தனை விழுக்காடு பயன்படாமல் கிடக்கிறது போன்ற கேள்விகள் அதில் குறியீடுகளாக வகுக்கப்பட்டுள்ளன. ரிச்சர்ட் ஓர் என்ற ஆய்வாளர் 1973-இலேயே, ஒரு நூலகம் எவ்வளவு நல்லது என்ற கேள்வியும், அது எவ்வளவு நன்மை செய்கிறது என்ற கேள்வியும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டினார். நம் கோப்புகள் முதல் கேள்விக்கே பாதி விடைதான் தருகின்றன.

நுழைவுப் பதிவேட்டை ஏன் நம்ப இயலவில்லை என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முன்பு பணியாற்றிய கல்லூரி ஒன்றில், மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தெரிந்த பருவத்தில், வகுப்பு வகுப்பாக மாணவர்களை வரிசையில் அழைத்து வந்து பதிவேட்டில் கையொப்பமிடச் செய்து, பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர்கூட ரேக்கின் பக்கம் போகவில்லை. அந்தப் பருவத்தின் சராசரி, அதற்கு முன் நான் பார்த்திராத உயரத்துக்கு ஏறியது. அதே நாட்களில், உண்மையாகவே நூல் தேடி வந்த முதுகலை மாணவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திரும்பினார்கள். எண் உயர்ந்தது, சேவை தாழ்ந்தது. அந்த அறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் நான் ‘இல்லை நோட்டு’ ஒன்றைத் தொடங்கினேன். கடையில் வாங்கிய சாதாரண நீள நோட்டு. கவுண்ட்டர் மேசையின் இழுப்பறையில் இருக்கும். நானோ உதவியாளரோ யாரிடமாவது ‘இல்லை’ என்று சொன்னால், அந்த ‘இல்லை’யை அதில் எழுதிவிட வேண்டும் என்பது மட்டுமே விதி. மாணவரின் பெயரை எழுத மாட்டோம். தேதி, வகுப்பு, கேட்டது என்ன, ஏன் கொடுக்க முடியவில்லை என்று நான்கு கட்டங்கள். தொடங்கும்போது, வாங்காத நூல்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும், அதைக் காட்டி நிர்வாகத்திடம் கூடுதல் நிதி கேட்கலாம் என்பதே என் எண்ணமாக இருந்தது.

ஒரு பருவம் முடிந்து நோட்டைப் புரட்டியபோது நான் எதிர்பார்த்தது அதில் இல்லை. கேட்டவற்றில் பெரும்பகுதி எங்களிடம் இருந்த நூல்களே. சில நூல்கள் திரும்பி வந்து, கவுண்ட்டருக்குப் பின்னால் தரையில் அடுக்கி வைக்கப்பட்ட நிலையில் நாட்கணக்கில் கிடந்திருந்தன. அவற்றை ரேக்கில் வைக்க வேண்டிய உதவியாளர் தேர்வுக்கூடத்துக்குத் தாள் கட்டும் வேலைக்கும், சேர்க்கை நாட்களில் விண்ணப்பம் கொடுக்கும் வேலைக்கும் அனுப்பப்பட்டிருந்தார். சில நூல்கள் பைண்டிங்குக்குப் போய் வரவே இல்லை. அது எவர் நினைவிலும் இல்லை. தமிழ்வழியில் வேதியியல் படித்த ஒரு மாணவி இயற்பிய வேதியியல் பாடநூலை மூன்று முறை கேட்டிருந்தார். மூன்று முறையும் ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. அந்நூலின் அத்தனை படிகளும் துறை நூலக அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன. சாவி நீண்ட விடுப்பில் இருந்த ஓர் ஆசிரியரிடம் இருந்தது. நான்காம் முறை அந்த மாணவி வரவில்லை. நுழைவுப் பதிவேட்டில் அவருடைய மூன்று வருகைகளும் மூன்று பயன்பாடுகளாகவே கணக்கில் ஏறியிருந்தன.

இந்தக் கடைசி வரியை நீங்கள் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மூன்று முறை தோற்ற ஒரு சேவை, நம் கணக்கில் மூன்று முறை வென்றதாக நிற்கிறது. ஒரே முறையில் நூல் கிடைத்திருந்தால் கணக்கில் ஒன்றுதான் ஏறியிருக்கும். அதாவது, நம் சேவை எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல எண் கிடைக்கக்கூடிய ஓர் அளவையை நாம் தரத்தின் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நோட்டு காட்டிய காரணங்களுக்கு நாங்கள் செய்தவை மிக எளியவை. காலையில் முதல் ஒரு மணி நேரம் உதவியாளரை வேறு எந்த வேலைக்கும் அனுப்புவதில்லை என்று அப்போதைய முதல்வரிடம் எழுத்தில் உத்தரவு பெற்றோம். அந்த நேரத்தில் முந்தைய நாள் வந்த நூல்கள் அனைத்தும் ரேக்கில் ஏறிவிடும். துறை அலமாரிகளில் என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்ற பட்டியலும், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரமும் கவுண்ட்டரில் ஒட்டப்பட்டன. பைண்டிங்குக்குப் போன நூல்களுக்குத் திரும்பும் தேதி குறிக்கப்பட்டது. இதற்கெல்லாம் தனி நிதி கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் நோட்டின் பக்கங்கள் மெதுவாகவே நிரம்பின.

கவுண்ட்டரில் வந்து கேட்டவர் மட்டுமே அந்த நோட்டில் இடம்பெறுவார் என்பது அதன் பெரிய குறை. ரேக்கின் நடுவே தேடித் தேடிப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வெளியேறும் மாணவர்களே நம் கல்லூரிகளில் அதிகம். அதிலும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு நூலகரிடம் வந்து கேட்கும் துணிவு இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. அவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டுமானால் துண்டுச் சீட்டு முறை தேவை. உள்ளே வரும்போது ஒரு சிறு சீட்டைக் கொடுத்து, இன்று எதைத் தேடி வந்தீர்கள், கிடைத்ததா என்ற இரண்டே கேள்விகளுக்கு விடை எழுதி, வெளியேறும்போது பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்ற ஒவ்வொரு சீட்டையும் அன்று மாலையே நூலகப் பணியாளர் எடுத்துப் பார்த்து, ஏன் கிடைக்கவில்லை என்று கண்டறிந்து எழுத வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத் தள்ளிப்போட்டால் முறையே வீணாகிவிடும். மறுநாள் அந்த நூல் ரேக்குக்கு வந்துவிட்டிருக்கலாம், காரணம் தெரியாமலே போய்விடும்.

பால் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இந்த முறைக்கு ஒரு தெளிவான கணக்கை வகுத்துக் கொடுத்தார். வாசகர் ஒருவர் நூலைக் கையில் பெறுவதற்கு அது நான்கு படிகளைத் தாண்டியாக வேண்டும். நூலகம் அந்நூலை வாங்கியிருக்க வேண்டும். அது அப்போது வேறொருவரிடம் இரவலில் இல்லாதிருக்க வேண்டும். நூலகத்தின் கவனக்குறைவால் இடம் மாறியோ அடுக்கப்படாமலோ இல்லாதிருக்க வேண்டும். கடைசியாக, வாசகருக்குப் பட்டியலைப் பார்த்து, எண்ணைக் குறித்து, ரேக்கைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த அதிகாரியும் தொண்ணூறு விழுக்காட்டைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் நூறு பேரில் முதல் படியைத் தாண்டியவர் 90, இரண்டாம் படியை 81, மூன்றாம் படியை ஏறத்தாழ 73, நான்காம் படியை 66 பேர்தான். ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை நன்றாகவே செய்யும் ஒரு நூலகத்தில் மூன்றில் ஒருவர் வெறுங்கையோடு திரும்புகிறார் என்பது இதன் பொருள்.

இந்தக் கணக்கின் பயன், எந்தப் படியில் கை வைக்க வேண்டும் என்பதைக் காட்டுவதில் இருக்கிறது. இரவலில் போனதால் கிடைக்காத நூல்களே அதிகம் என்றால், புதிய தலைப்புகளை வாங்குவதை நிறுத்திவைத்து அந்தத் தலைப்புகளில் கூடுதல் பிரதிகளை வாங்கலாம். அல்லது இரவல் காலத்தைப் பதினைந்து நாளிலிருந்து ஏழு நாளாக்கலாம். வாசகருக்குத் தேடத் தெரியாததே காரணம் என்றால், ரேக் முனைகளில் வகைப்பாட்டு எண்ணோடு பொருளையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் அரங்கில் உட்கார வைத்துச் சொற்பொழிவு நடத்துவதைவிட, பத்துப் பத்து மாணவர்களாக ரேக்குக்கே அழைத்துப் போய் ஒரு நூலைத் தேடி எடுக்கச் செய்வது பலன் தரும். நூலகத்தின் கவனக்குறைவே காரணம் என்றால், அடுக்குகளைச் சரிபார்க்கும் வேலையை ஆண்டுக்கொரு முறை நடக்கும் இருப்புச் சரிபார்ப்போடு முடித்துக்கொள்ளாமல், வாரம் ஒரு ரேக் என்று சுழற்சியில் நடத்த வேண்டும். நூல் வாங்காததே காரணம் என்று தெரிந்தால் மட்டுமே நிதி கேட்கும் பேச்சு எழுகிறது. அப்போது கையில் ஆதாரமும் இருக்கும்.

ஆய்வை எப்போது நடத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். பருவத்தின் முதல் வாரமும் தேர்வுக்கு முந்தைய வாரமும் கூடாது. இடையில் இரண்டு சாதாரண வாரங்களைத் தேர்ந்து, காலை, நண்பகல், மாலை மூன்று வேளைகளிலும் சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டு கொடுக்கும் வேளைகளைத் தற்போக்காக (குலுக்கல் முறையில்) தேர்ந்தெடுத்து ஏறத்தாழ நானூறு தேடல்கள் சேர்ந்தால், கிடைக்கும் விழுக்காடு உண்மை நிலைக்கு ஐந்து புள்ளிகள் முன்னே பின்னே இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். சிறிய கல்லூரிக்கு நூறு தேடல்கள்கூடப் போதும்; அப்போது பிழை பத்துப் புள்ளிகள் வரை போகலாம், ஆனால் எந்தப் படியில் அதிகம் கசிகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏற்காட்டிலிருந்தும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் சேலத்துக் கல்லூரிகளுக்கு நாள்தோறும் இறங்கி ஏறும் மாணவர்கள் இருக்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் பேருந்து வரும் நேரம் அவர்கள் கையில் இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைய பயணமே இல்லை. வகுப்பு தொடங்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் பேருந்துக்கு ஓடியாக வேண்டும். நூலகமோ பெரும்பாலும் வகுப்பு நேரத்தில்தான் திறந்திருக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வான உணவு இடைவேளையில் இரவல் கவுண்ட்டரும் மூடப்படுகிறது. நூலகம் நாளுக்கு ஏழு மணி நேரம் திறந்திருக்கிறது என்று அறிக்கையில் எழுதுகிறோம். மலையிலிருந்து வரும் அந்த மாணவருக்கு அது எத்தனை நிமிடம் திறந்திருக்கிறது என்று எந்தக் கட்டத்திலும் எழுதுவதில்லை. கால அட்டவணையையும் நூலக நேரத்தையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் உண்மையாகக் கிடைக்கும் நூலக நிமிடங்களைக் கணக்கிட ஒரு பிற்பகல் போதும். அந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த முதல்வரும் உணவு இடைவேளையில் கவுண்ட்டரைத் திறந்து வைக்க உத்தரவிடாமல் இருக்க மாட்டார் என்று நம்புகிறேன். பணியாளர்கள் இருவர் இருந்தால் மாறி மாறிச் சாப்பிடலாம்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் நூல்வடிவில் தந்த விதிகள் அவை. நம் மண்ணிலிருந்து எழுந்து உலகம் முழுவதும் பாடமாக இருக்கும் அந்த விதிகளை நாம் ஆகஸ்ட் 12-ஆம் நாள் நூலகர் தின விழாவில் பதாகையில் எழுதி மாலை போடுகிறோம். நூல் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. கணிதம் படித்தவர் எழுதிய விதிகள் என்பதாலோ என்னவோ, ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க முடிகிறது. இரண்டாம் விதியை நிறைவேற்றியிருக்கிறோமா என்பதைத்தான் நான் சொன்ன துண்டுச் சீட்டு அளக்கிறது.

மூன்றாம் விதியை அளப்பதில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. பயன்படாத நூல்களைக் கண்டறிவது அவசியமே. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்து 1979-இல் வெளிவந்த ஆய்வு, அங்கு 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறாண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று காட்டியபோது நூலக உலகமே அதிர்ந்தது. நம் கல்லூரிகளில் நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் அவசரமாக வாங்கப்படும் நூல்களுக்கு இப்படி ஒரு கணக்கு எடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் இரவல் போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த நூலையும் கழித்துக்கட்டாதீர்கள். 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியர் பத்தாண்டுக்கு ஒருமுறை கேட்கப்படலாம். கேட்பவர் இந்த மாவட்டத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுபவராக இருப்பார், அவருக்கு அதற்கு மாற்று கிடையாது. தமிழ்வழி மாணவர்களுக்காக 1960-களிலும் 70-களிலும் அரசு வெளியிட்ட கல்லூரிப் பாடநூல்களும் அப்படிப்பட்டவையே. பழையவை என்று பழைய தாள் கடைக்குப் போனவற்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தமிழ்வழி மாணவர்களைப் பற்றிச் சொன்னதால் பாடத்திட்டச் சரிபார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தாளுக்கும் பாடநூல்களும் பார்வை நூல்களும் அச்சிடப்பட்டுள்ளன. அந்தப் பட்டியலை எடுத்து, எத்தனை நூல்கள் நம்மிடம் உள்ளன, எத்தனை மாணவருக்கு எத்தனை படிகள், அவற்றில் தமிழில் எத்தனை என்று துறைவாரியாகப் பார்க்க வேண்டும். மொத்த நூல்கள் அரை லட்சம் என்று சொல்லும் நூலகம் ஒரு துறையின் ஐந்தாம் பருவத் தாளுக்கு ஒரு நூலும் இல்லாமல் இருப்பதை மொத்தத் தொகை மறைத்துவிடும்.

மின்வளங்களுக்கு வருகிறேன். நூலகங்களை வலையமைப்பில் இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தால், ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்ச் சந்தாவில் நம் கல்லூரிகளுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னிதழ்கள் கிடைத்தது பெரும் பேறு. 2025 தொடக்கத்திலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு முப்பது பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் இங்கும் நாம் எண்ணுவது உறுப்பினர் எண்ணிக்கையையும் உள்நுழைவுகளையும் மட்டுமே. கடவுச்சொல் மறந்ததால் நான்கு முறை முயன்றவரும், கட்டுரையைப் படித்து முடித்தவரும் ஒன்றாகக் கூட்டப்படக் கூடாது. மின்வளப் பயன்பாட்டுக்கு உலகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் ‘கவுண்ட்டர்’ (COUNTER) என்ற நெறிமுறை, எத்தனை கட்டுரைகள் கேட்கப்பட்டன என்பதோடு, உரிமம் இல்லாததால் எத்தனை முறை வாசகர் மறுக்கப்பட்டார், ஒரே நேரத்தில் அனுமதிக்கப்பட்டவர்களின் வரம்பு நிறைந்ததால் எத்தனை முறை மறுக்கப்பட்டார் என்பதையும் தனி அறிக்கையாகத் தருகிறது. நான் நீள நோட்டில் எழுதிய ‘இல்லை’யைப் பதிப்பாளர்கள் கணினியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்று முடிவு செய்யும் கூட்டத்தில், தனித் தரவுத்தளங்களுக்குப் பணம் கட்டும் கல்லூரிகள் இந்த மறுப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கி மேசையில் வைக்க வேண்டும்.

மாணவரின் கருத்தைக் கேட்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. பரசுராமன், செய்தாம்ல், பெர்ரி ஆகிய மூவரும் 1988-இல் வகுத்த சர்வ்குவால் என்ற சேவைத்தர அளவையிலிருந்து நூலகங்களுக்கென்று 2000-இல் அமெரிக்காவில் உருவானது லிப்குவால். அதில் 22 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும், எந்த அளவுக்குக் கீழே போனால் ஏற்க மாட்டேன், எந்த அளவை விரும்புகிறேன், இப்போது எந்த அளவில் கிடைக்கிறது என்று மூன்று மதிப்பெண்களை ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் வாசகர் இடுகிறார். நன்று, மிக நன்று என்று ஒற்றைக் கட்டத்தில் குறியிடச் செய்யும் நம் படிவங்களைவிட இது எவ்வளவோ நேர்மையானது. ஏனெனில் மாணவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதே நமக்குத் தெரியாதபோது அவர் நிறைவடைந்தாரா என்று கேட்பதில் பொருளில்லை. கூற்றுகளைப் பத்தாகக் குறைத்து, நல்ல தமிழில் எழுதிப் பயன்படுத்தலாம்.

ஆனால் யார் படிவத்தைக் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வகுப்பு ஆசிரியரே கொடுத்து அவரே வாங்கினால், இன்டர்னல் மதிப்பெண் நினைவில் இருக்கும் மாணவர் ஒன்பதுக்கு ஒன்பது போடுவார். பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல், பூட்டிய பெட்டியில் போடும் முறை வேண்டும். நூலகத்துக்குள் இருப்பவரிடம் மட்டும் கேட்பதும் போதாது. மூன்று முறை திரும்பிப் போன அந்த வேதியியல் மாணவியை நூலகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். விடுதியிலும், உணவகத்திலும், பேருந்து நிறுத்தத்திலும்தான் அவரிடம் கேட்க முடியும்.

நூல் எதையும் எடுக்காமல், சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களைப் பயனற்ற வருகை என்று சில நூலகக் குழுக்கள் கருதுகின்றன. அக்கருத்தை நான் ஏற்கவில்லை. ஓர் அறை வீட்டில் ஐந்து பேரோடு வாழும் மாணவருக்கு ஒரு நாற்காலியும் விளக்கும் அமைதியும் கொடுப்பது முழுமையான நூலகச் சேவை. அதையும் அளக்க வேண்டும்: மணிக்கொரு முறை நிரம்பிய இருக்கைகளை எண்ணி, இடமின்றி நின்றவர் உண்டா என்று குறிக்க வேண்டும்.

கடைசியாக, மிகவும் வற்புறுத்திக் கேட்பது ஒன்று உண்டு. இந்த எண்களை நூலகப் பணியாளருக்கு மெமோ கொடுக்கப் பயன்படுத்தாதீர்கள். ‘இல்லை’ என்று எழுதியவரையே ஏன் இல்லை என்று தண்டித்தால், மறுநாளிலிருந்து நோட்டு வெறுமையாக இருக்கும். வாசகர் வெறுங்கையோடு திரும்புவது மட்டும் தொடரும். நூலகர் பணியிடம் நிரப்பப்படாமல், ஓர் உதவியாளரே கதவைத் திறப்பதிலிருந்து கணக்கு எழுதுவது வரை பார்த்துக்கொள்ளும் கல்லூரிகள் நம் பகுதியில் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் எண் அந்த உதவியாளரின் குறையைக் காட்டாது, காலிப் பணியிடத்தின் விலையைக் காட்டும். அளக்கத் தொடங்கிய முதல் பருவத்தில் புகார்கள் கூடவே செய்யும். இதுவரை சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அதைப் படியுங்கள்.

வரும் ஒற்றைப்படைப் பருவத்திலேயே இதைத் தொடங்க முடியும். ‘இல்லை நோட்டு’ கல்லூரி திறந்த முதல் நாளிலிருந்து கவுண்ட்டரில் இருக்கட்டும். துண்டுச் சீட்டு ஆய்வை ஆகஸ்டில் இரண்டு வாரம் நடத்தி, செப்டம்பரில் நூலகக் குழுவைக் கூட்டி, நான்கு காரணங்களில் எது பெரியது என்பதை மட்டும் பாருங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் தீர்வு செய்துவிட்டு, அடுத்த பருவத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். குழுவில் மாணவர் இருவருக்கு இடம் கொடுங்கள். அவர்களில் ஒருவர் தமிழ்வழியில் படிப்பவராக இருக்கட்டும். முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வெறுங்கையோடு திரும்பியவர் தன் சீட்டு வீணாகவில்லை என்று அங்கே பார்க்க வேண்டும்.

துண்டுச் சீட்டின் மாதிரியும், நோட்டின் கட்டங்களும், காரணங்களைப் பிரிப்பதற்கான ஒரு பக்கக் குறிப்பும் என்னிடம் தமிழில் தயாராக உள்ளன. எந்தக் கல்லூரி கேட்டாலும் தருகிறேன். கவுண்ட்டர் பணியாளர்களோடு அரைநாள் உட்கார்ந்து செய்து காட்டவும் வருகிறேன். பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கல்லூரி நூலகர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.